எக்கியார்குப்பத்தில் கற்ற எடைக்கணக்கு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் பயணம் செய்பவர்கள், ஏறத்தாழ 120 கிலோமீட்டர் கடந்ததும் கண்களைக் கூசச் செய்யும் ஒரு வெண்மையைக் காண்பார்கள். வானத்தைத் துண்டு துண்டாக அறுத்துத் தரையிலே பதித்தாற்போல் நீர் நிறைந்த பாத்திகள்; அவற்றின் வரப்புகளிலே கூம்பு கூம்பாகக் குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்கள். இவைதாம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்கள். தை மாதத்தில் பாத்தி திருத்தத் தொடங்கி, பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலிலே உப்பை விளைவித்து, ஐப்பசி மழை இறங்குமுன் அம்பாரங்களைக் கீற்றால் மூடிவிடுவது இவ்வூர் மக்களின் ஆண்டுக் கணக்கு.

மரக்காணத்தை அடுத்துக் கடலோரமாக அமைந்திருக்கும் மீனவர் ஊர்களுள் ஒன்று எக்கியார்குப்பம். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் விஷச்சாராயத்தால் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமையினால் இவ்வூரின் பெயர் நாளிதழ்களில் அடிபட்டது. அதற்கு முன் இவ்வூரை அறியாதிருந்தவர்கள் பலர், அந்தத் துயரத்தோடு மட்டுமே இதனை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கோ இவ்வூர் வேறொரு காரணத்தினால் நெஞ்சில் பதிந்த ஊர். எங்கள் பங்கு மக்கள் சிலர் பெரும் விபத்திலிருந்து தப்பியதும், பாரத்தைப் பற்றிய ஓர் அரிய பாடத்தை நான் கேட்டதும் இவ்விடத்திலேதான்.

திரும்பி வந்த வண்டி

ஆகஸ்டு மாதக் கடைசியில் இச்சாலை காவி உடுத்திய திருயாத்திரிகர்களால் நிறைந்துவிடும். வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னையின் கொடியேற்றம் ஆகஸ்டு 29. பெருவிழா செப்டம்பர் 8. முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கால்நடையாகவே கடக்கும் குழுக்கள், மாதாவின் சுரூபத்தைச் சிறிய தேரில் வைத்துத் தங்களோடு கொண்டுபோவார்கள். சிலர் கையால் இழுப்பார்கள். சிலர் மூன்று சக்கர வண்டியில் வைப்பார்கள். சிலர் ஜீப்பின் பின்னால் கொக்கி மாட்டிய டிரெய்லரில் ஏற்றுவார்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கிலிருந்து 22 பேர் அவ்வாறு சென்றோம். இரண்டு சக்கரமுள்ள சிறு டிரெய்லர் ஒன்றை ஒரு பட்டறையில் செய்து வாங்கியிருந்தோம். அதன் நடுவில் மாதா தேர். முன்பக்கத்தில் அரிசி மூட்டைகளும் குடிநீர்க் கேன்களும். பின்கோடியில் விளக்குகளுக்கான ஜெனரேட்டர். செபமாலை சொல்லிக்கொண்டு நாங்கள் நடக்க, வண்டி எங்கள் நடைக்கு ஒப்ப ஊர்ந்து வந்தது. ஒரு குறையும் தென்படவில்லை. குழந்தைகள் கால் வலித்தபோதெல்லாம் தேரின் பீடத்திலே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். டிரெய்லரில் ஆட்களை ஏற்றலாகாது என்று அறிந்திருந்தும், நடை வேகம்தானே என்று நாங்கள் அதனைத் தடுக்கவில்லை.

விழா முடிந்தது. பெரும்பாலோர் ரயிலில் திரும்பிவிட, ஓட்டுநரும் நாங்கள் ஐவரும் ஜீப்பில் வந்தோம். புதுச்சேரியில் உணவருந்திவிட்டுப் புறப்படுகையில், எங்களோடிருந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தேரின் பீடத்தில் உட்கார்ந்து வருவேன் என்று பிடிவாதம் பிடித்தான். அவன் தாய் ஒரு சொல்லும் பேசாமல் அவனைத் தூக்கி ஜீப்பினுள் அமர்த்தினாள். அழுதுகொண்டே வந்தான்.

மரக்காணத்து உப்பளங்கள் கண்ணில் படும் நேரத்தில் வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பேருந்து எங்களைக் கடந்து சென்ற காற்றிலே டிரெய்லர் இலேசாக அசைந்தது. அசைவு அடங்கவில்லை. இடமும் வலமுமாகப் பாம்பு நெளிவதைப்போல் நெளிந்து, ஒவ்வொரு நெளிவிலும் ஜீப்பின் பின்புறத்தைப் பிடித்து உலுக்கத் தொடங்கியது. ஓட்டுநர் அச்சத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தார். அவ்வளவுதான், பின்னால் வந்த பாரம் ஜீப்பை முன்னே தள்ளிக் குறுக்கே திருப்பிற்று. சாலையோர மணலில் இறங்கி, ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்க, வண்டி நின்றது. தேரின் கண்ணாடிக் கூடு நொறுங்கிப் பீடம் முழுவதும் சிதறிக் கிடந்தது. ஓட்டுநரின் நெற்றியில் சிறு காயம். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அழுதுகொண்டிருந்த சிறுவன் அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாயும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வானத்தைப் பார்த்த கொக்கி

எங்களை மீட்க வந்தவர் எக்கியார்குப்பத்துக்காரர் ஒருவர். படகு இழுக்கும் டிராக்டரின் உரிமையாளரும் ஓட்டுநரும் அவரே. ஜீப்பைச் சாலைக்கு ஏற்றுமுன் டிரெய்லரைப் பிரிக்கவேண்டும் என்று கொக்கியின் ஊசியை உருவினார். உருவியதும் டிரெய்லரின் பின்புறம் தரையில் மோத, முன்புறக் கொக்கி துள்ளி மேலெழுந்து நின்றது.

“பார்த்தீங்களா ஐயா, கொக்கி வானத்தைப் பார்க்குது. மூக்கு கொஞ்சம் கனமா இருந்தாத்தான் பின்னாடி வர்ற வண்டி ஒழுங்கா வரும். வால் கனத்தா ஆடத்தான் ஆடும்,” என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. போகும்போது முன்புறத்தில் இருந்த அரிசியை உண்டுவிட்டோம். கேன்களிலிருந்த நீரைக் குடித்துவிட்டோம். வாலில் இருந்த ஜெனரேட்டரோ அப்படியே இருந்தது. இரண்டு சக்கர டிரெய்லர் ஒரு தராசு. அச்சுதான் அதன் நடுமுள். முன்தட்டிலிருந்த எடையை நாமே எடுத்துவிட்டுப் பின்தட்டை மட்டும் கனக்க விட்டோம்.

வீடு திரும்பிய பின் ஒரு தாளில் கணக்கெழுதிப் பார்த்தேன். டிரெய்லரின் வெற்று எடை 350 கிலோ, தேரும் பீடமும் 180, ஜெனரேட்டர் 90, இருபது லிட்டர்க் கேன்கள் பதினைந்தில் நீர் 300, அரிசி, பாத்திரம், அடுப்பு 150, 22 பேரின் பைகள் தலைக்கு 8 கிலோவாக 176. ஆக மொத்தம் 1,246 கிலோ. அந்த அச்சு தாங்கக்கூடியது 1,000 கிலோ. வேளாங்கண்ணிக்குப் போகும் வழியெல்லாம் வரம்புக்கு மேல் கால் டன் பாரத்தோடு மாதாவை அழைத்துச் சென்றிருக்கிறோம்! திரும்பும்போதோ எடை 850 கிலோவுக்கும் குறைவு, வரம்புக்குள் அடங்கியதுதான். ஆயினும் அப்போதுதான் வண்டி ஆடியது. எவ்வளவு ஏற்றினோம் என்பது ஒரு கேள்வி; எங்கே ஏற்றினோம், எந்த வேகத்தில் ஓட்டினோம் என்பவை வேறு கேள்விகள். மூன்றுக்கும் விடை சரியாக இருந்தால்தான் பயணம் சரியாகும்.

மணலும் சாலையும்

சென்ற மாதம் அந்த நண்பரைக் காணவென்றே எக்கியார்குப்பம் சென்றேன். சவுக்குத் தோப்புகளைக் கடந்து கடற்கரையை அடைந்தபோது, அவர் ஒரு ஃபைபர் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். முன்னாளில் பத்துப் பேர் தோள்கொடுத்துத் தள்ளிய வேலையை இன்று பல குப்பங்களில் டிராக்டர் செய்கிறது. இழுகயிற்றை அவர் மிகத் தாழ்வான இடத்தில் மாட்டியிருப்பதைக் கண்டு காரணம் வினவினேன். உயரத்தில் மாட்டினால் இழுக்கும் வேகத்தில் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும். டிராக்டர் ஓட்டுநரின் மேலேயே மல்லாந்து கவிழ்ந்துவிடும் என்றார்.

உப்புக் காலத்தில் அவர் டிரெய்லர் மாட்டி உப்பளத்துக்கும் செல்கிறார். “பெட்டி நிறைஞ்சுதான்னு பார்த்து ஏத்தக்கூடாதுங்க. வாரின அன்னிக்கே ஏத்துற உப்புல தண்ணி இருக்கும். காஞ்ச உப்பைவிடக் கனம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்,” என்று அவர் விளக்கினார். பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியம் இக்கட்டுரை முழுவதற்கும் பொருளாகத் தக்கது: “இழுக்கிறது பெரிசில்லீங்க ஐயா, நிறுத்துறதுதான் பெரிசு.”

மணலிலே படகை இழுக்கும்போது கயிற்றைத் தளர்த்தினால் படகு தானே நின்றுவிடும். தார்ச்சாலையில் சக்கரத்தின்மேல் ஓடும் பாரம் அவ்வாறு நிற்பதில்லை. சிறு டிரெய்லர்கள் பலவற்றுக்குத் தனிப் பிரேக் கிடையாது. முன்வண்டியின் பிரேக்கே இரண்டையும் நிறுத்தவேண்டும். வேகம் இரு மடங்கானால், பிரேக் அடக்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஊர்ந்து சென்றபோது குற்றம் காட்டாத எங்கள் டிரெய்லர், அறுபதில் காட்டியதன் காரணங்களுள் வேகமும் ஒன்று.

இப்பகுதியின் பழைய சாலை நீர்ச்சாலை. ஆந்திரத்துக் காக்கிநாடாவிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணம். ரயிலும் லாரியும் பெருகுமுன் உப்பும் விறகும் அதன் வழியே படகேறிச் சென்னைக்குச் சென்றன. கரையோரமாக நடந்தவர்கள் கயிற்றால் படகை இழுத்தார்கள். நீர் பாரத்தைத் தாங்கிக்கொண்டதால் சில மனிதரின் தோள் வலிமையே டன் கணக்கான சரக்குக்குப் போதுமானதாயிருந்தது. ஏற்றியது அளவை மீறினால் படகின் விளிம்பு நீரை நெருங்கி எச்சரித்துவிடும். சாலை அவ்வாறு எச்சரிப்பதில்லை. அச்சு முறியும் வரையில் மௌனமாகவே இருக்கிறது.

முன்னோர் கண்ட முறை

சிறுபாணாற்றுப்படை போற்றும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பர் ஆய்வாளர் சிலர். சங்க காலத்தில் இத்தகைய கரைகளிலிருந்து உப்பை உள்நாட்டுக்கு மாட்டு வண்டிகளில் கொண்டுசென்றவர்கள் உமணர். அவர்கள் வண்டியின் அடியில் ஓர் உபரி அச்சைக் கட்டிச் செல்வது வழக்கம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார் அவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். அவர் காட்டும் காட்சியை உற்று நோக்குங்கள். எருதுகள் நுகம் பழகாதவை, வண்டியிலோ பெரும்பாரம், வழியிலே மேடும் பள்ளமும். இழுப்பது, ஏற்றியது, வழி ஆகிய மூன்றையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்று அந்த மூதாட்டி அறிந்திருந்தார்.

மயிலிறகானாலும் அளவை மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற குறளைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் மனப்பாடம் செய்தோம். மதிப்பெண் பெற்றோம். டிரெய்லரில் பதினாறாவது தண்ணீர்க் கேனை ஏற்றும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

குடும்பங்கள் அறியவேண்டிய கணக்கு

மேலை நாடுகளில் குடும்பங்கள் கேரவன் எனப்படும் சக்கர வீட்டைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு விடுமுறைக்குச் செல்கின்றன. அதனால் இந்த எடைக்கணக்கு அங்கே இல்லறத்தார் அறியும் கலையாகிவிட்டது. யாத்திரைத் தேர் இழுப்பவர்க்கும், திருவிழாப் பந்தல் சாமான் ஏற்றுபவர்க்கும், படகை இழுத்துச் செல்பவர்க்கும் அக்கணக்கு அப்படியே பொருந்தும்.

முதலாவது, வெற்று எடைக்கும் ஏற்றிய எடைக்கும் உள்ள வேறுபாடு. வண்டிக்கு வகுத்த மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் எஞ்சுவதே நாம் ஏற்றத்தக்கது. அதில் சரக்கு மட்டுமன்று, ஆட்களும் அடக்கம். ஐந்து பெரியவர்கள் ஏறினாலே முந்நூறு கிலோவுக்குமேல் போய்விடும்.

இரண்டாவது, இழுக்கும் வண்டியின் திறன். எவ்வளவு எடையுள்ள டிரெய்லரை இழுக்கலாம் என்று வண்டியைச் செய்தவர்கள் கையேட்டில் வரையறுத்திருப்பார்கள். அதுவே மேல் எல்லை. பழக்கமில்லாத ஓட்டுநர்களுக்குப் பிரிட்டன் நாட்டுக் கேரவன் சங்கத்தார் மேலும் ஒரு யோசனை கூறுகிறார்கள்: பின்வண்டியின் ஏற்றிய எடை, முன்வண்டியின் எடையில் நூற்றுக்கு 85 பங்கைத் தாண்டலாகாது. ஜீப் 1,600 கிலோ என்றால் டிரெய்லர் 1,360 கிலோவுக்குள் அடங்கவேண்டும். கையேடும் டிரெய்லரின் அச்சும் அதனினும் குறைவாகச் சொன்னால் குறைந்ததே சட்டம்.

மூன்றாவது, மூக்குப் பாரம். கொக்கியின்மேல் அமுங்கும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 வரை இருக்கவேண்டும் என்பது பிரிட்டிஷ் வழக்கு; அமெரிக்கர் 10 முதல் 15 வரை வைப்பர். கொக்கி எவ்வளவு தாங்கும் என்று வண்டிக் கையேடு கூறும் அளவை மீறாமல் இதனை அமைக்கவேண்டும். அளக்கும் வழி எளிது. டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அக்கட்டையின்மேல் கொக்கியை இறக்கினால் முள் எடையைக் காட்டிவிடும். கனமான பொருள்களை அச்சின்மேல் தாழ்வாகவும், இலேசானவற்றை மேலேயும் ஓரங்களிலும் வைக்கவேண்டும். வழியில் அரிசியும் நீரும் குறையக் குறைய மீண்டும் அளப்பது நன்று.

நான்காவது, டயர். டயரின் பக்கவாட்டில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது தாங்கும் எடையின் குறியீடு. 91 என்றிருந்தால் அந்த ஒரு டயர் 615 கிலோவைத் தாங்கும். காற்று குறைந்தால் அந்த வலுவும் குறையும். உப்புக் காற்று வீசும் ஊர்களில் அச்சையும் கொக்கியையும் துரு தின்றிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இத்தனைக்கும் பின் டிரெய்லர் ஆடத் தொடங்கினால், பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பாமல் நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவதே வழி. வேகம் தணியத் தணிய ஆட்டம் அடங்கிவிடும்.

சட்டமும் சாலையும்

சட்டத்தின் கண்ணில் டிரெய்லர் ஒரு தனி வண்டி. அதற்கும் பதிவு வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு எடை வரம்பை மீறி ஓட்டுவதைத் தடுக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட 194ஆம் பிரிவின்படி, மீறினால் அபராதம் 20,000 ரூபாய்; மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்; மிகையை இறக்கிய பின்னரே வண்டி நகரலாம். லாரிகளுக்கு அச்சுக்கு இவ்வளவு என்றும் வரம்பு உண்டு. நான்கு டயருள்ள பின்னச்சுக்கு 10.2 டன்னாக இருந்ததை 2018இல் மத்திய அரசு 11.5 டன்னாக உயர்த்தியது.

மொத்தத்தை மட்டும் பாராமல் அச்சையும் ஏன் பார்க்கிறார்கள்? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஓட்டாவா என்னும் ஊரருகே சாலைகள் அமைத்து லாரிகளை ஓயாது ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் பாரம் ஏறும்போது சாலையின் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்பது அதில் தெரியவந்தது. ஐந்தில் ஒரு பங்கு மிகையாக ஏற்றினால் சேதம் இரு மடங்கு! ஒருவர் மிகுதியாக ஏற்றிய பாரத்திற்குச் சாலையில் செல்லும் அனைவரும் விலை கொடுக்கிறோம்.

உப்பளத்திலிருந்து நான் திரும்புகையில் வேறொரு பாரமும் கண்ணில் பட்டது. பாத்தியிலிருந்து கரைக்குப் பெண்கள் உப்புக்கூடைகளைத் தலையில் சுமந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு வளர்ந்த ஆண் சுமக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டலாகாது, பெண்களுக்கு அது கணிசமாகக் குறைவாயிருக்கவேண்டும் என்று 1967இல் பன்னாட்டுத் தொழில் அமைப்பு பரிந்துரைத்தது. சாலையில் லாரியை நிறுத்தி எடை பார்க்க அலுவலர் உண்டு. இந்தக் கூடைகளை நிறுத்துப் பார்ப்பவர் யாரையும் அன்று நான் காணவில்லை. நம் வீட்டு உப்பு இந்தத் தலைகளின்மேல் ஏறித்தான் வருகிறது என்பதையேனும் நாம் மறவாதிருப்போமாக.

தச்சுப் பட்டறையில் வளர்ந்த நம் ஆண்டவர், சுமையையும் நுகத்தையும் பற்றிப் பேசியிருக்கிறார். நுகம் செய்யும் தச்சன் முதலில் மாட்டின் கழுத்தை அளந்து பார்ப்பான். அளவறிந்து ஏற்றுவதும் அன்பின் செயல்தான் என்று இப்போது நான் உணர்கிறேன்.

எங்கள் பங்கில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. யாத்திரைக்கு முன்னாள் மாலை, டிரெய்லர் முதலில் எடைமேடைக்குப் போகும். ஜீப்போடு சேர்த்து ஒரு முறை, டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒரு முறை. சீட்டு வந்த பின்னரே பங்குத் தந்தை வண்டியை மந்திரிப்பார். தண்ணீர்க் கேன்கள் ஐந்துதான். குடிக்கும் நீரை வழியூர்களில் நிரப்பிக்கொள்கிறோம். ஜெனரேட்டர் அச்சின்மேல் இடம் மாறிவிட்டது. டிரெய்லரில் குழந்தைகள் ஏறுவதில்லை. மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, கருவியின் முள்ளைக் குனிந்து படித்து, எண்ணை உரக்கச் சொல்பவன் இப்போது பதினைந்து வயதாகும் அந்தச் சிறுவன். அவன் சொல்லும் எண்ணைக் கேட்ட பிறகுதான் அவன் தாய் தன் பையைக் கொண்டுவந்து வண்டியில் வைக்கிறாள்.